காசும் கேஷும் பங்காளிகளா?

'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு'விலிருந்து போனது என்று மேடையில் யாராவது சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் தட்டியிருக்கிறேன். பொருள் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று, வெள்ளைக்காரர் கப்பலேறி வந்து நம் கடற்கரையில் கடை விரித்ததும் உண்மை. வேறென்ன சாட்சி வேண்டும்? பின்னொரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அங்கே 'கேஷ்' ஒன்றல்ல, இரண்டு. தனித்தனிப் பதிவுகள், தனித்தனிப் பூர்வீகம்.

முதல் கேஷ், ரொக்கம் என்ற பொருளில் இன்று உலகமே வழங்குவது. அதற்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற லத்தீன் சொல் இத்தாலியிலும் பிரான்சிலும் உருமாறி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பணப்பெட்டியின் பெயர் கொஞ்ச காலத்தில் பெட்டிக்குள் கிடந்த பணத்துக்கே ஆகிவந்தது. நம் இலக்கணம் இதை ஆகுபெயர் என்னும். 'நல்லா கல்லா கட்டினான்' என்று நாம் சொல்வதிலும் பெட்டிதான் பணமாகிறது. வங்கிக் கவுன்டரில் உட்காரும் கேஷியர், மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ், எல்லாம் அந்த லத்தீன் பெட்டியின் பிள்ளைகள். கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது 1600 டிசம்பர் 31. அதற்குள் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. சின்னச் செப்புக்காசைக் குறிப்பது. கம்பெனியின் மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலேயக் கணக்கர் வராகனைப் பகோடா என்றும், பணத்தை ஃபேனம் என்றும், காசைக் கேஷ் என்றும் எழுதினார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சடித்து, '20 கேஷ்', '10 கேஷ்' என்று பொறித்து, மதராஸுக்குக் காசுகளை அனுப்பினார்கள். 1808-ஆம் ஆண்டு பொறித்த அப்படியொரு சரக்கை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. கடலடியிலிருந்து எடுத்த அந்தக் காசுகள் இன்றும் நாணயச் சேகரிப்பாளர் கைகளில் உலவுகின்றன. நடுவில் ஓட்டை போட்ட சீனக் காசுகளையும் ஐரோப்பியர் கேஷ் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரின் ஊற்றும் நம் காசுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காசு நேரே ஆங்கிலத்துக்குப் போகவில்லை. போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. அவர்களுடைய மொழியில் பெட்டிக்குக் 'கைஷா' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, அதே லத்தீன் காப்சாவின் மகள். நம் காசு அவர்கள் காதில் விழுந்ததும் கைஷாவின் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார்கள். ஆங்கிலேயரும் தம்மிடம் தயாராக இருந்த கேஷின் சட்டையை மாட்டினார்கள். ஆக, பிறப்பால் பங்காளி அல்லாத இரண்டு சொற்கள் இரண்டு மொழிகளில், இரண்டு முறை, ஒரே வீட்டில் குடியேறியிருக்கின்றன. தன் காதுக்குப் பழகிய சொல்லின் வடிவத்தை அன்னியச் சொல்லுக்குப் போர்த்துவது மனித இயல்பு. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதிக்குப் பெயரே அப்படி வந்ததுதான். முகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த குரல் வெள்ளைச் சிப்பாய்கள் காதில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஒலித்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

'கறி' விஷயத்திலும் இதே இரட்டை வேடம். ஆங்கிலக் 'கரி' தமிழ்க் கறியிலிருந்து போனது என்பதில் பெரிய சண்டை இல்லை. சங்க காலத்தில் மிளகைக் குறித்த சொல் அது. பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது எல்லாம் கறியாயிற்று. யாழ்ப்பாணத்தில் இன்றும் கத்தரிக்காய்க் கறி உண்டு, தமிழ்நாட்டுக் கறிக்கடையிலோ ஆட்டிறைச்சி மட்டுமே. ஹானா கிளாஸ் 1747-இல் எழுதிய சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கரி செய்யும் குறிப்பு வந்துவிட்டது. ஆனால் ரிச்சர்ட் மன்னரின் அரண்மனைச் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ஒரு ஏட்டின் பெயரிலேயே 'கியூரி' என்று இருக்கிறது. அதைக் காட்டி, 'பார்த்தீர்களா, கரி எங்கள் சொல்தான்' என்று மல்லுக்கு நின்ற ஆங்கிலேயர்கள் உண்டு. அந்தக் கியூரிக்குச் சமையல் என்று பொருள், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, நம் கறிக்கு எந்த வகையிலும் வேண்டியதல்ல. மேடைக் கைதட்டலுக்கு ஆசைப்படுவது தமிழர் மட்டுமல்ல என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். குதிரையைத் தேய்த்துவிடுவதற்கும் ஆங்கிலத்தில் 'கரி' என்ற வினை உண்டு. அது மூன்றாவது ஆள்.

ஒலி ஒத்தால் உறவு என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு ஆங்கிலத்தைப் போல வசதியான ஆய்வுக்கூடம் வேறில்லை. அது ஒரு கூட்டுக் குடித்தன மொழி. அடிப்படை ஜெர்மானியம், அதன்மேல் வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ், 1066-க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சு, பள்ளியும் தேவாலயமும் கொடுத்த லத்தீன், கிரேக்கம், கடைசியில் காலனிகளிலிருந்து அள்ளிய சரக்கு. இத்தனை திசைகளிலிருந்து வந்தவை ஒரே வாயில் தேய்ந்தால் சில ஒன்றுபோல் ஆகத்தான் செய்யும். அதோடு எழுத்துச் சான்று ஏராளம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கான திட்டம் 1857-இல் தொடங்கியது. ஜேம்ஸ் மர்ரே பொறுப்பில் முதல் பகுதி 1884-இல் அச்சேறியது. முழுதும் முடிந்தது 1928-இல். மர்ரே அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் காட்டும் அந்த நூல் இருப்பதால்தான் யூகத்தையும் வரலாற்றையும் நம்மால் பிரிக்க முடிகிறது.

நம் வாயில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். 'லைட்டைப் போடு' என்கிறோம், 'லைட்டா சாப்பிட்டேன்' என்கிறோம். வெளிச்சத்துக்கான லைட் லத்தீன் 'லுக்ஸ்' என்ற சொல்லின் உறவு, கனமின்மைக்கான லைட் 'லெவிஸ்' என்பதன் உறவு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. கிரிக்கெட் மேட்சும் மேட்சிங் பிளவுஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இணை, ஜோடி என்பது மூலப்பொருள். தீப்பெட்டியின் மேட்ச்சோ விளக்குத் திரிக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேற்றாள். அடிக்கிற பேட் பழைய ஆங்கிலம், வௌவாலான பேட் ஸ்காண்டிநேவியச் சரக்கு, அதன் பழைய வடிவத்தில் கடைசி எழுத்தே வேறு. காலண்டரில் இருக்கும் டேட்டுக்கு மூலம் 'கொடுக்கப்பட்டது' என்ற லத்தீன் சொல், கடிதத் தலைப்பில் எழுதியது. பேரீச்சம்பழமான டேட்டுக்கு மூலம் விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். குழந்தையின் கட்டிலான 'காட்' இந்தியிலிருந்து போனது. அதன் அடியில் நம் 'கட்டில்' குடும்பத்துத் திராவிட வேர் இருக்கிறது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. காட்டேஜுக்குள் இருக்கும் 'காட்' இங்கிலாந்தின் சொந்தக் குடிசை.

இந்தச் சொற்கள் பிறக்கும்போது இப்படி ஒத்திருக்கவில்லை, தேய்ந்து தேய்ந்து ஒத்துப்போனவை. இரவுக்கும் குதிரைவீரனுக்கும் ஆங்கிலத்தில் இன்று 'நைட்' என்றே உச்சரிப்பு. குதிரைவீரனின் முன்னால் எழுதும் 'கே' ஒரு காலத்தில் வாயிலும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் உதிர்ந்தது. கடலும் பார்வையும் இன்று 'சீ' என்றே ஒலிக்கின்றன. இரண்டுக்கும் பழைய உயிரொலிகள் வேறு. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் அழுதோம். சொல்லாராய்ச்சிக்காரனுக்கோ அது புதைபடிவம், உதிர்ந்த பல்லின் குழி.

ஆனால் அந்த எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லில் உச்சரிக்காத 'எஸ்' ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது பிறவியில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் நீர்நிலம் என்ற பொருளில் எஸ் இல்லாமல் எழுதிய சொல் அது. லத்தீன் 'இன்சுலா' வழிவந்த 'ஐல்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இது அண்ணன் என்று 16-ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிகள் நினைத்துவிட்டார்கள். உறவில்லாத ஒன்றுக்கு உறவு முத்திரை குத்தி, நானூறு ஆண்டாகப் பிள்ளைகளை அந்த எஸ்-ஐ மனப்பாடம் செய்ய வைத்தாயிற்று.

'ஃபீமேல்' கதை இன்னும் சுவாரசியம். 'மேல்' என்ற ஆண்சொல்லோடு ஏதோ ஒட்டிப் பெண்சொல் செய்தார்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கண்டித்துப் பேசுபவர்களும் உண்டு. உண்மையில் ஆண்சொல் லத்தீன் 'மாஸ்குலுஸ்' தேய்ந்து வந்தது; பெண்சொல் 'ஃபெமினா'வின் குறுமைச் சொல்லான 'ஃபெமெல்லா'விலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு வரும்போது 'ஃபெமெல்' என்றுதான் இருந்தது. ஜோடி சேர்க்கும் ஆசையில் வாலை மாற்றிவிட்டார்கள். 'ஹியூமனு'க்குள் இருக்கும் மேனும் அப்படித்தான், தற்செயல். லத்தீன் 'ஹுமானுஸ்' அது. 'உமன்' மட்டும் உண்மையாகவே மேன் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் மேன் என்றால் ஆள் என்று பொதுப்பொருள். பெண்ணாள் என்று சொல்லப் பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்' என்பதை முன்னால் சேர்த்தார்கள். மூன்று சொல்லில் மூன்று விதமான நியாயம், காதுக்கு மூன்றும் ஒன்று.

துக்கத்தைக் குறிக்கும் 'சாரோ'வும் நாம் நாளுக்கு நூறு தடவை சொல்லும் 'சாரி'யும் உறவில்லை. சாரி, புண் என்று பொருள்படும் 'சோர்' என்பதன் பிள்ளை. டீக்கடைக் கட்லெட்டுக்கும் வெட்டுவதற்கான கட்டுக்கும் உறவில்லை. விலா எலும்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. நம் ஊர் உருளைக்கிழங்குக் கட்லெட்டில் எலும்பும் கிடையாது, வெட்டும் கிடையாது.

தும்மலுக்கு ஒரு தனிப் பத்தி கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் மூக்கோடு சேர்ந்த சொற்கள் பல 'ஸ்ந்' என்று தொடங்குகின்றன: குறட்டை, மோப்பம், சளி, விலங்கின் மூஞ்சி. தும்மலும் 'ஸ்னீஸ்' என்று அந்தக் கூட்டத்தில் நிற்கிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது 'ஃப்ந்' என்று தொடங்கியது. அந்தக் கூட்டொலி மொழியிலிருந்தே மறைந்துகொண்டிருந்தது. கையெழுத்தில் அக்கால நீண்ட எஸ்ஸும் எஃப்பும் பார்க்க ஒன்றுபோல் இருந்தன. பக்கத்தில் மூக்குச் சொற்கள் கைநீட்டி அழைத்தன. சொல் கட்சி மாறிவிட்டது. ஆங்கிலத்தில் 'க்ள்' என்று தொடங்குபவை மின்னுவதும் ஒளிர்வதுமாக இருப்பதும் இந்த வகைதான். ஜே. ஆர். ஃபிர்த் 1930-இல் இப்படிப்பட்ட ஒலிக்கூட்டங்களுக்குத் தனிப் பெயரே சூட்டினார். இங்கே உறவு பிறப்பால் வருவதில்லை, தத்து எடுப்பதால் வருகிறது. ஆகவே 'ஒலி ஒத்தால் உறவா?' என்று கேட்பவருக்கு வெறும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உறவு என்று மக்கள் நம்பினால் சொற்களே நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

ஒரே பிறப்பான சொற்களும் இல்லாமலில்லை. ஜவுளிக்கடையில் ஷர்ட், ஸ்கர்ட், ஷார்ட்ஸ் மூன்றும் ஒரே குடும்பம். 'ஷ' என்று மாறியது ஆங்கிலேயர் வாய், 'ஸ்க' என்று நின்றது வைக்கிங் வாய். வெட்டியது, குறுகியது என்பது அடிப்பொருள். பூவுக்கான 'ஃபிளவரும்' மாவுக்கான 'ஃபிளவரும்' எழுத்தில் மட்டுமே பிரிந்த ஒரே சொல். அரைத்ததில் மிக நயமான பகுதியைத் தானியத்தின் மலர் என்றார்கள். பணம் போடும் பேங்க், ஆற்றங்கரையான பேங்க், பள்ளிக்கூட பெஞ்சு, மூன்றும் ஒரே ஜெர்மானிய மூலத்தில் சேர்கின்றன. இத்தாலிய வட்டிக்கடைக்காரர் உட்கார்ந்த பலகைதான் வங்கியாயிற்று. 'மஸில்' என்றால் தசை. அதே ஒலியில் ஒரு சிப்பியும் உண்டு. இரண்டும் 'சுண்டெலி' என்று பொருள்படும் லத்தீன் சொல். கையை மடக்கினால் தோலுக்கடியில் ஓடும் தசையைப் பார்த்தவருக்கு எலி நினைவுக்கு வந்திருக்கிறது. ஆங்கில 'மவுஸ்', பிள்ளையார் ஏறும் மூஷிகம் இரண்டும் அதற்கு ஒன்றுவிட்ட உறவு.

எனக்கு மிகவும் பிடித்தது 'பியூப்பில்'. மாணவன், கண்ணின் கருமணி, இரண்டுக்கும் ஒரே சொல். லத்தீனில் 'பூப்பா' என்றால் சிறுமி, பொம்மை. எதிராளியின் கண்ணுக்குள் உற்றுப்பார்த்தால் நம் உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரிகிறதல்லவா? தமிழில் 'பாவை' என்றால் பொம்மை, பெண், கண்மணி. வள்ளுவரும் அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார். லத்தீனும் தமிழும் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கவில்லை. இரண்டு நாட்டிலும் காதலர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையான உறவைக் கண்டுபிடிக்கும் முறையைத் தமிழருக்கு விளக்க எனக்குக் கன்னடம் போதும். பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. பெங்களூரில் ஒரு மாதம் இருந்தவருக்கும் இது பிடிபட்டுவிடும். சொல்லுக்கு முதலில் தமிழில் 'ப' என்றால் கன்னடத்தில் 'ஹ'. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் 'ப'தான். வித்தியாசம் ஒழுங்காக, வரிசையாக, திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் உறவின் சாட்சி. மொழியியலாளர்களான ரஸ்க் 1818-இலும் யாக்கோப் கிரிம் 1822-இலும் ஐரோப்பிய மொழிகளில் காட்டியது இதே வரிசையைத்தான்: லத்தீன் 'ப' ஆங்கிலத்தில் 'ஃப', 'க' என்பது 'ஹ', 'ட' என்பது பல்லில் நாக்கு உரசி எழும் 'த'. அதனால் லத்தீன் 'பிஸ்கிஸ்' இங்கே 'ஃபிஷ்'. 'கோர்னு' இங்கே 'ஹார்ன்'.

இந்த விதியின் அழகு, அது உறவை மறுக்கும் இடத்தில். 'வைத்திருத்தல்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹேவ்', லத்தீனில் 'ஹாபேரே'. பொருளும் ஒலியும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஆங்கில 'ஹ'வுக்கு லத்தீனில் 'க' இருக்க வேண்டும். இங்கே 'ஹ'வே இருக்கிறது. ஒத்திருப்பதே குற்றம்! ஹேவின் உண்மையான உறவு, பிடித்தல் என்ற பொருளுள்ள 'காபேரே'. நாளைக் குறிக்கும் ஆங்கில 'டே'யும் லத்தீன் 'டியேஸ்' என்பதும் அதே காரணத்தால் தள்ளுபடி. மாறாக, சக்கரத்தைக் குறிக்கும் 'வீல்', கிரேக்க 'கிக்ளோஸ்' வழிவந்த 'சைக்கிள்', சமஸ்கிருதச் 'சக்ரம்' மூன்றும் அசல் உடன்பிறப்புகள். 'சைக்கிள் வீல்' என்றும் 'சைக்கிள் சக்கரம்' என்றும் மெக்கானிக்கிடம் கேட்கும்போது ஒரே வேரை இரண்டு தடவை சொல்கிறோம். காது இதை ஒருபோதும் கண்டுபிடித்திருக்காது.

நம் பக்கத்தில் இந்த முறைக்கு முன்னோடி உண்டு. சென்னையில் எல்லிஸ் 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அருகருகே அடுக்கி, இவை சமஸ்கிருதத்தில் பிறக்காத தனிக்குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல் 1856-இல் அதை முழு இலக்கணமாக விரித்தார். தேவநேயப் பாவாணர் 1966-இல் எழுதிய ஆங்கில நூலில் உலகின் முதன்மைச் செம்மொழி தமிழே என்று வாதிட்டார். தமிழுக்குள் அவர் காட்டிய வேர் உறவுகளைப் படித்து வியந்திருக்கிறேன். ஆனால் தமிழ்ச் சொல் ஒன்றை ஆங்கிலச் சொல் ஒன்றோடு தனியே நிறுத்தி முகச்சாயல் பார்க்கும்போது, பால்-ஹாலு போன்ற வரிசை அங்கே கிடைப்பதில்லை. சுருட்டு, கட்டுமரம், அணைக்கட்டு இவை போனதற்குக் கப்பல் சாட்சி, கணக்கேடு சாட்சி இருக்கிறது. 'ஒன்று'க்கும் ஆங்கில 'ஒன்'னுக்கும் அப்படி எதுவும் இல்லை. அந்த ஆங்கில 'வ' ஒலியே பிற்காலத்தில் வந்து ஒட்டியது.

அம்மா, அப்பா சொற்கள் பல மொழிகளில் ஒத்திருப்பது பற்றியும் கேட்பார்கள். ரோமன் யாக்கோப்சன் இதற்கு எழுதிய விளக்கம் எளிது: உதடு சேர்ந்தால் வரும் ஒலிதான் குழந்தைக்கு முதலில் வரும், அதைப் பெற்றோர் தமக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா.

தற்செயலின் உச்சத்தைப் பார்க்க ஆஸ்திரேலியா போக வேண்டும். 1960-களில் வட குவீன்ஸ்லாந்தில் ம்பபரம் என்ற பழங்குடி மொழியைப் பதிவுசெய்த மொழியியலாளர் டிக்சன், அதைப் பேசும் முதியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். 'டாக்' என்றார் முதியவர். ஆங்கிலச் சொல்லையே திருப்பிச் சொல்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அக்கம்பக்க மொழிகளில் நாய்க்குக் 'குடக' என்று சொல். ம்பபரம் சொற்களின் முதல் அசையை உதிர்த்துவிடும் மொழி. உயிரையும் ஒழுங்காக மாற்றும். குடக என்பது படிப்படியாக டாக் ஆனதை டிக்சனால் வரிசையோடு காட்ட முடிந்தது. ஆங்கிலத்திடம் கடனும் இல்லை, உறவும் இல்லை.

இந்த ஆங்கில டாக்கின் கதை என்ன? நாய்க்குப் பழைய ஆங்கிலச் சொல் 'ஹவுண்ட்'. அதை லத்தீன் 'கானிஸ்' என்பதோடு கிரிம் விதி அழகாக இணைக்கிறது. டாக் என்பதோ பழைய ஆங்கில ஏடுகளில் அரிதாகத் தலைகாட்டி, பிறகு வீட்டுக்காரச் சொல்லையே வெளியே தள்ளிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டது. அதற்குக் கூடப்பிறந்தவர் யாரையும் பக்கத்து மொழிகளில் காணோம். ம்பபரத்து நாய்க்கு வம்சாவளி எழுதியாகிவிட்டது. ஆங்கிலத்து நாய்க்கு அகராதியில் இன்றும் 'பிறப்பு அறியப்படவில்லை' என்ற ஒரு வரிதான்.